ஆறு இல்லாத ஊரில் ‘எல் ரியோ’

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்பானிஷ் படிக்க எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம், செருப்போடு சேர்த்து இங்கிலீஷையும் வாசலிலேயே விட்டுவிடச் சொல்வேன். செருப்பை விடுவார்கள். இங்கிலீஷை விட யாருக்கும் மனசு வராது. பாதிப்பேர் ஆராய்ச்சி மாணவர்கள், மீதிப்பேர் ஐ.டி. வேலையில் இருப்பவர்களும் அவர்கள் குடும்பத்தாரும். பள்ளிக்கூடத்தில் ‘எ, ஆன், தி’ என்கிற ஆர்ட்டிகிள்களை உருப்போட்டு மார்க் வாங்கியவர்கள். ஸ்பானிஷில் ‘உன்’ என்றால் ‘எ’, ‘எல்’ என்றால் ‘தி’ என்று ஆப் சொன்னதும் “இவ்வளவுதானா” என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதி ஸ்பெயினில் நாங்கள் இருக்கும் வலென்சியாவின் பெரிய சந்தையான மெர்காதோ சென்ட்ராலுக்குள் நுழைகிற வரைக்கும்தான்.

ஆர்ட்டிகிளே இல்லாத மொழிக்காரர்களுக்கு ஆர்ட்டிகிள் கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இது இருவருக்கும் தெரிந்த பொருளா, புதுசா என்று ஸ்பானிஷ் கேட்கிற கேள்விக்குத் தமிழ் காலங்காலமாகப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நடுவில் புகுந்து குழப்புவது இங்கிலீஷ்.

முதலில் சாமான்களைப் பரப்பிவிடுகிறேன். ஆண்பாலுக்கு உன், எல். பெண்பாலுக்கு ஊனா, லா. பன்மையில் உனோஸ், உனாஸ், லோஸ், லாஸ். ‘இருக்கு’ என்று சொல்ல இரண்டு வினை. ஒன்று ‘ஐ’. எழுத்தில் முன்னால் ஒரு ஹெச் நிற்கும், அதற்குச் சத்தம் கிடையாது. நம் உயிரெழுத்து ஐ எப்படியோ அப்படியே சொன்னால் போதும். (‘ஆய்’ என்றும் எழுதலாம்தான். எழுதினால் அதற்கப்புறம் அன்றைக்கு வகுப்பு நடக்காது.) இன்னொன்று ‘எஸ்தா’, பன்மையில் ‘எஸ்தான்’.

இனி சந்தைக்கு வருவோம். மெர்காதோ சென்ட்ரால் 1928இல் திறந்த கட்டடம். இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுமாக அண்ணாந்து பார்க்க வைக்கும். எங்கள் கூட்டத்தில் ஒரு சிவகாசித் தம்பி இருக்கிறார், இங்கிலீஷில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர். அவர் காய்கறிக் கடையில் போய் “எஸ்தா எல் திலாந்த்ரோ?” என்று கேட்டார். திலாந்த்ரோ என்றால் கொத்தமல்லி. கடைக்கார அம்மா கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, “கே திலாந்த்ரோ?” என்று திருப்பிக் கேட்டார். எந்தக் கொத்தமல்லி? தம்பிக்குப் புரியவில்லை. கொத்தமல்லியில் எத்தனை வகை இருக்கிறதென்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

“எந்தக் கொத்தமல்லின்னு ஏன்க்கா கேக்கறாங்க?”

“நீங்க ‘அந்தக் கொத்தமல்லி இருக்கா’ன்னு கேட்டீங்க தம்பி. அவங்க வேற என்ன கேப்பாங்க?”

கேட்டிருக்க வேண்டியது “ஐ திலாந்த்ரோ?” அவ்வளவுதான். ஆர்ட்டிகிளும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கொத்தமல்லி இருக்கா? கேட்கிறவருக்கும் கடைக்காரருக்கும் இடையில் இதுவரை பேச்சில் வராத ஒரு பொருள் உலகத்தில், அதாவது இந்தக் கடையில், உண்டா இல்லையா என்பது கேள்வி. அதற்கு ‘ஐ’. நேற்றே சொல்லி எடுத்துவைக்கச் சொன்ன கட்டு ஒன்று இருக்கிறது, அது எங்கே என்று கேட்கப் போனால் ‘எஸ்தா’. இரண்டு பேருக்கும் தெரிந்த பொருளுக்கு ‘எல்’, ‘லா’ ஒட்டும். தெரிந்த பொருளைப் பற்றி அது எங்கே இருக்கிறது என்றுதான் பேச முடியும், உண்டா என்று பேச முடியாது. அதனால்தான் ‘ஐ’ பக்கத்தில் ‘எல்’, ‘லா’ பொதுவாக உட்காராது. உன், ஊனா, எண்கள், ‘நிறைய’ என்கிற மூச்சோஸ், இல்லாவிட்டால் வெறும் பெயர்ச்சொல் மட்டும் உட்காரும்.

தெருவில் கேட்பது இன்னும் தெளிவு. “ஐ ஊனா ஃபார்மாத்தியா போர் அக்கீ?” இந்தப் பக்கம் மருந்துக்கடை ஏதாவது இருக்கா? “தோந்தே எஸ்தா லா ஃபார்மாத்தியா?” மருந்துக்கடை எங்க இருக்கு? போனில் “எஸ்தா கார்மென்?” என்றால் கார்மென் இருக்காங்களா. காலி வீட்டுக் கதவைத் தட்டி “ஐ ஆல்கியென்?” என்றால் யாராவது இருக்கீங்களா. கார்மெனை இரண்டு பேருக்கும் தெரியும். அந்த ‘யாராவது’வை யாருக்கும் தெரியாது.

தமிழில் இரண்டுக்கும் ‘இருக்கு’தானே, அப்புறம் எப்படித் தமிழ் உதவும் என்று கேட்பீர்கள். சொல் ஒன்றுதான், வரிசை ஒன்றல்ல. “மேசை மேல புத்தகம் இருக்கு” என்று எப்போது சொல்கிறோம்? மேசையில் என்ன இருக்கிறதென்று கேட்டால். “புத்தகம் மேசை மேல இருக்கு” என்று எப்போது? புத்தகம் எங்கே என்று கேட்டால். வாய்க்கு வந்தபடி நாம் இதை மாற்றுவதில்லை. மாற்றினால் கேட்கிறவருக்கு உறுத்தும். இப்போது ஸ்பானிஷ். “என் லா மேசா ஐ உன் லீப்ரோ.” “எல் லீப்ரோ எஸ்தா என் லா மேசா.” வரிசைகூட அச்சாக நம்முடையதே. நான் சொல்லிக்கொடுக்கிற ஒரே சூத்திரம் இது: தமிழ் வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். இடம் முன்னால் வந்தால் ஐ, பொருள் முன்னால் வந்தால் எஸ்தா. பத்துக்கு ஒன்பது தடவை சரியாக வரும். மேசை என்ற சொல்லே போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது என்பதால் ‘மேசா’வுக்குப் பயப்பட வேண்டியதும் இல்லை.

இன்னும் சுலபமான வழி நாகர்கோவில்காரர்களிடம் இருக்கிறது. மகனோடு சில மாதம் இருக்க வந்த ஓர் அம்மா வகுப்புக்கு வருவார். இங்கிலீஷ் அவருக்குப் பழக்கமில்லை. ‘ஐ’ என்றால் என்ன என்று நான் விளக்க ஆரம்பித்தபோது, “உண்டா, இல்லியா, அதானே மக்களே” என்று முடித்துவிட்டார். அதேதான். உண்டு என்ற சொல் ஒருமை பன்மைக்கு மாறாது, பால் பார்க்காது. பழம் உண்டு, பழங்கள் உண்டு, ஆள்கள் உண்டு. ‘வேறு, இல்லை, உண்டு’ மூன்றும் ஐந்து பாலுக்கும் மூன்று இடத்துக்கும் பொது என்று நன்னூலே சொல்லி வைத்திருக்கிறது. ‘ஐ’யும் அப்படித்தான். “ஐ உன் லீப்ரோ”, “ஐ த்ரேஸ் லீப்ரோஸ்”. ஒன்றானாலும் மூன்றானாலும் அதே ஐ. இங்கிலீஷ் வழியாக வருகிறவர்கள் ‘இஸ்’, ‘ஆர்’ பழக்கத்தில் பன்மைக்கு வேறு வடிவம் தேடி அலைகிறார்கள். அந்த அம்மா தேடவே இல்லை. மறுநாள் ரொட்டிக்கடையில் “ஐ பான்?” என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறார். பதிலுக்கு “நோ ஐ” என்றிருந்தாலும் கலங்கியிருக்க மாட்டார். அது நம் ‘இல்லை’.

இந்த ‘ஐ’யின் பிறப்பும் வேடிக்கையானது. ‘ஆ’ என்றால் ‘அபேர்’ என்ற வினையின் சாதாரண வடிவம். அதன் வாலில் ஒட்டியிருக்கும் ‘இ’ பழைய ஸ்பானிஷில் ‘அங்கே’ என்று பொருள்பட்ட தனிச்சொல். லத்தீன் ‘இபி’யிலிருந்து வந்தது. இரண்டும் ஒட்டிக் காலப்போக்கில் ஒரே சொல்லாகிவிட்டது. இங்கே ஸ்பானிஷோடு கூடவே பேசும் வலென்சியா மொழியில் அது இன்னும் ஒட்டாமல் ‘இ ஆ’ என்று தனித்தனியாகவே நிற்கிறது. இந்த ஊர் போர்டுகளில் பார்க்கலாம். பள்ளிப்பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வாக்கியம் சொல்லித்தருவார்கள்: “ஆஈ ஐ உன் ஓம்ப்ரே கே தீத்தே ஐ.” அங்கே ஒருத்தர் இருக்கார், ‘ஐயோ’ங்கறார். முதல் ‘ஆஈ’ அங்கே, இரண்டாவது ‘ஐ’ இருக்கு, கடைசி ‘ஐ’ ஐயோ. மூன்றுக்கும் எழுத்து வேறு வேறு. பெரியவர்களே குழப்பி எழுதுகிறார்கள்.

‘எல்’ என்றால் ‘தி’ இல்லையென்றால் வேறென்ன என்று கேட்டால் என்னிடம் இருக்கும் நல்ல உதாரணம் இந்த ஊர் ஆறு.

வலென்சியாவின் நடுவே ஓடிய ஆறு தூரியா. 1957 அக்டோபர் 14 அன்று பெருவெள்ளம் வந்து ஊரையே முக்கியெடுத்தது. இனிமேல் இது வேண்டாமென்று ஆற்றை ஊருக்குத் தெற்கே புதுக் கால்வாய் வெட்டித் திருப்பிவிட்டார்கள். காய்ந்துபோன பழைய படுகையில் பெரிய சாலை போடத் திட்டம் இருந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை, எங்களுக்குப் பச்சையாக வேண்டும் என்று போராடினார்கள். இப்போது அது நீளமான பூங்கா. மேலே பழைய கல்பாலங்கள் அப்படியே நிற்கின்றன. புவெந்தே தெல் மார், கடல் பாலம் என்று பெயர்; அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடாது. (தே, எல் இரண்டும் சேர்ந்து தெல் ஆகும். ஆ, எல் சேர்ந்தால் ஆல். இந்த இரண்டு புணர்ச்சிதான், வேறு கிடையாது.)

ஊருக்குப் புதிதாக வந்தவரிடம் உள்ளூர் நண்பர் “கெதாமோஸ் என் எல் ரியோ” என்பார். ஆத்துல சந்திப்போம். வந்தவர் மேப்பில் நீலக்கோடு தேடுவார். இருக்காது. ஊர் நடுவே “ஐ உன் ரியோ” என்று சொன்னால் பொய். “எல் ரியோ எஸ்தா ஆஈ” என்று பூங்காவைக் காட்டினால் நூற்றுக்கு நூறு உண்மை. இந்த ஒரு ‘எல்’லில் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு ஞாபகம் இருக்கிறது. பொருள் கண்முன் இருக்கிறதா என்பதைப் பற்றி எல், லாவுக்கு அக்கறை கிடையாது. எதைச் சொல்கிறோம் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியுமா, அது போதும்.

மீன்கடை வரிசையிலும் இதைக் கேட்கலாம். இங்கே பல கடைகளில் கயிறு கட்டி வரிசை கிடையாது, ஆளாளுக்கு நிற்பார்கள். புதிதாக வருகிறவர் “லா ஊல்திமா?” என்று பொதுவாகக் குரல் கொடுப்பார். கடைசி ஆள் யாரு? ஒரு பாட்டி கையைத் தூக்குவார். யாரென்று கேட்கிறவருக்குத் தெரியாது, ஆனாலும் ‘லா’. கடைசி ஆள் ஒருவர்தான் இருக்க முடியும் என்பது எல்லோருக்கும் தெரியுமே.

இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. “ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு…” முதலில் ஒரு, அடுத்து அந்த. ஸ்பானிஷ் பாட்டியும் “அபீயா ஊனா வேத் உன் ரேய்” என்றுதான் ஆரம்பிப்பார். அடுத்த வாக்கியத்தில் ராஜா ‘எல் ரேய்’ ஆகிவிடுவார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நம் இரண்டாம் வேற்றுமை. அதுவும் ஐ தான், தற்செயலாக. ஆனால் வேலை நேர் எதிர். “புத்தகம் வாங்கினேன்” என்றால் ஏதோ ஒரு புத்தகம், உன் லீப்ரோ. “புத்தகத்தை வாங்கினேன்” என்றால் நாம் பேசிக்கொண்டிருந்த அது, எல் லீப்ரோ. தமிழில் ஆர்ட்டிகிள் இல்லையென்று யார் சொன்னது? வாலில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. ஆள்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மை. “பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடறாங்க” என்றால் நல்ல சேதி. “மாப்பிள்ளையைத் தேடறாங்க” என்றால் மண்டபத்தில் ஏதோ ஆகிவிட்டது. ஸ்பானிஷிலும் அப்படியே: “புஸ்கா மரீதோ” கல்யாணத்துக்கு ஆள் தேடுகிறாள், “புஸ்கா ஆ சு மரீதோ” கட்டினவரைத் தேடுகிறாள். குறிப்பிட்ட ஆளென்றால் முன்னால் ஓர் ‘ஆ’ வந்து நிற்கும். இங்கிலீஷில் இப்படி ஒன்று கிடையாது. அந்தப் பாடத்தில் திணறியவர்களிடம் மாப்பிள்ளைக் கதையைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார்கள்.

தமிழ் சும்மா கொடுக்கிற இடங்கள் இன்னும் உண்டு. நான் இன்ஜினியர்: “சோய் இன்ஹெனியேரோ”, உன் வேண்டாம். எனக்குக் கார் இல்லை: “நோ தெங்கோ கோச்சே”, இங்கும் வேண்டாம். இன்னொரு காபி: “ஓத்ரோ காஃபே”, இன்னொரு என்பதற்குள் ஒரு இருப்பதுபோல ஓத்ரோவுக்குள் உன் அடங்கிவிடும். எனக்குத் தலை வலிக்குது: “மே துவேலே லா கபேத்தா”. ‘என் தலை’ என்று நாமும் சொல்வதில்லை, அவர்களும் சொல்வதில்லை. இதிலெல்லாம் தப்புச் செய்ய வேண்டுமென்றால் இங்கிலீஷ் வழியாகச் சுற்றி வர வேண்டும்.

தமிழ் கைவிடும் இடமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். எனக்குக் காபி பிடிக்கும் என்பது “மே குஸ்தா எல் காஃபே”. எனக்கு, பிடிக்கும், காபி எல்லாம் நம் வழிதான், ஆனால் அந்த ‘எல்’ எங்கிருந்து வந்தது? பொதுவாகக் காபி என்கிற இனத்தையே எழுவாயாக்கிப் பேசும்போது எல் வேண்டும். குடிப்பதைச் சொன்னால் வேண்டாம்: “பேபோ காஃபே”. அரிசியும் இப்படியே. “எல் அர்ரோத்” விலை ஏறிவிட்டது, ஆனால் தினம் “கோமோ அர்ரோத்”. வலென்சியாக்காரர்கள் பாயேய்யா என்கிற தங்கள் அரிசிச் சாப்பாட்டு விஷயத்தில் பயங்கரக் கறார். அவர்கள் முறைப்படி செய்யாத பாயேய்யாவை “அர்ரோத் கோன் கோசாஸ்” என்று ஒதுக்கிவிடுவார்கள். சோறும் ஏதேதோவும். அந்த ‘கோசாஸ்’ முன்னால் லாஸ் இல்லாததில்தான் முழு அவமானமும் இருக்கிறது.

அர்ரோத் என்ற சொல்லிலேயே அரபு மொழியின் ‘அல்’ என்ற ஆர்ட்டிகிள் உருமாறி ஒளிந்திருக்கிறது. ஆக எல் அர்ரோத்தில் ஆர்ட்டிகிள் இரண்டு. (நம் ‘அரிசி’தான் அரபுவரை போனது என்று கமெண்டில் சண்டை போட வருகிறவர்கள் வரலாம். நான் அந்த வழக்குக்கு வரமாட்டேன்.) அந்த அரிசி விளைகிற வயல்கள் சூழ்ந்த ஏரி ஊருக்குத் தெற்கே இருக்கும் லா அல்புஃபேரா. அதிலும் அதே அல், முன்னால் லா.

லா அல்புஃபேரா சரி, அப்படியென்றால் தண்ணீர் மட்டும் ஏன் எல் ஆகுவா? ஆகுவா பெண்பால்தான். குளிர்ந்த தண்ணீர் “எல் ஆகுவா ஃப்ரீயா”, அடைமொழி பெண்பாலிலேயே இருக்கிறது பாருங்கள். பன்மை “லாஸ் ஆகுவாஸ்”. ஒருமையில் லாவும் ஆவும் மோதுவதால் வந்த மாற்றம். லத்தீன் ‘இல்லா’ முதலில் ‘எலா’ ஆகி, அழுத்தமான ஆவுக்கு முன்னால் தேய்ந்து எல் ஆனது. ஒரு வீடு, ஓர் ஊர் என்று எழுதுகிற நமக்கு இதை விளக்க வேண்டுமா? அழுத்தம் அந்த முதல் ஆ மேல் விழ வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பசி எல் ஆம்ப்ரே, கழுகு எல் ஆகிலா. அல்புஃபேராவில் அழுத்தம் ‘ஃபே’யில், தோழி என்கிற அமீகாவில் ‘மீ’யில், அதனால் லா தப்பித்தது.

மற்றபடி பாலைப் பொறுத்தவரை யுக்தி ஒன்றும் கிடையாது. லா மானோ (கை), எல் தீயா (நாள்), எல் மாப்பா (மேப்), எல் ப்ரோப்லேமா (பிரச்சினை). கடைசி வகை கிரேக்கத்திலிருந்து வந்தவை, ஆவில் முடிந்தாலும் ஆண்பால். பெயரைப் படிக்கும்போதே எல், லாவோடு சேர்த்துப் படியுங்கள், வேறு வழியில்லை. நாள்களுக்கு எல் போட்டால் அந்த ஒரு நாள், லோஸ் போட்டால் வாராவாரம்: எல் லூனெஸ் வருகிற திங்கள், லோஸ் லூனெஸ் திங்கள்தோறும். ஊர் எது என்று கேட்டால் “சோய் தே லா இந்தியா” என்று லா சேர்த்தே சொல்லலாம், இங்கே அதுதான் அதிகம் காதில் விழும்.

கடைசியாக ஸ்பெயின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு. 2015 முதல் அதற்கு செர்வாந்தெஸ் இன்ஸ்டிட்யூட் நடத்தும் தேர்வுகள் உண்டு. மொழிக்கு ‘தேலே’ என்கிற ஸ்பானிஷ் தேர்வில் ஏ2 நிலை. அதில் இறந்தகாலம் கேட்பார்கள். ஐ என்பது அபீயா ஆகும், நடந்து முடிந்ததற்கு ஊபோ. 1957இல் “ஊபோ ஊனா ரியாதா”, வெள்ளம் வந்தது. இரண்டும் உண்டு மாதிரியே, பன்மைக்கு மாறாது. “அபீயா மூச்சாஸ் பெர்சோனாஸ்”, நிறையப் பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்த ஊர் பஸ்ஸில் ஏறினால் “அபீயான் மூச்சாஸ் பெர்சோனாஸ்” என்று தாராளமாகப் பேசுவார்கள். வலென்சியா, கத்தலூன்யா பக்கம் அப்படிப் பழக்கம், தென் அமெரிக்காவிலும் நிறைய. 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் அகாதெமி அதை ஏற்பதில்லை. தேர்வுத்தாளில் அபீயா எழுதுங்கள். பக்கத்து சீட்டுப் பாட்டி அபீயான் என்றால் தலையாட்டிக் கதையைக் கேளுங்கள், கதை நன்றாக இருக்கும்.

விருந்து எங்கே நடக்கிறது என்று கேட்க எஸ்தா வராது, ‘எஸ்’ வரும்: “தோந்தே எஸ் லா ஃபியெஸ்தா?” ஏன் என்று சிவகாசித் தம்பி இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார். ‘எஸ்’ஸின் மூலவினை சேர், ‘எஸ்தா’வின் மூலவினை எஸ்தார்; இவை இரண்டின் தகராறு தனிப் பதிவு, அடுத்ததில் எழுதுகிறேன்.